காது அறாத பை

துணிப்பை தைக்கக் கற்றுக்கொடுங்கள் என்று யார் வந்து கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், பாரத்தை முதலில் பாருங்கள். பை நடுத்துணியில் கிழிவது அபூர்வம். தோளில் மாட்டும் பட்டி பையோடு சேருகிற இடத்தில், அதாவது காதில், அறும். இல்லையென்றால் அடி மூலையில் பிரியும். இந்த இரண்டு இடங்களையும் பலமாகத் தைத்துவிட்டால் மீதி எல்லாம் நேர்த்தையல்தான். பிளவுஸ் தைக்கத் தெரிய வேண்டியதில்லை. மிஷினில் நேர்கோடு ஓட்டத் தெரிந்தால் போதும், ஒரு மதியத்தில் நல்ல தோள்பை தயாராகிவிடும்.

நான் இருப்பது வெள்ளகோவிலில். காங்கேயத்துக்கும் கரூருக்கும் நடுவே உள்ள விசைத்தறி ஊர். வீட்டிலேயே மிஷின் போட்டு பிளவுஸ், பாவாடை, தலையணை உறை எல்லாம் தைக்கிறேன். அதற்கு நடுவே பைகளும் தைக்கிறேன். பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற பெண்கள் தூக்குப்போசி (சாப்பாட்டுத் தூக்கு) சாயாமல் நிற்கிற மாதிரி பை கேட்பார்கள். சந்தைக்குப் போகிறவர்கள் காய்கறி சுமக்கக் கேட்பார்கள். பக்கத்துத் தெருப் பெரியம்மா ஒருவர் கேட்டது எனக்கு அப்படியே நினைவில் இருக்கிறது. "ஏங்கண்ணு, பூப்போட்ட துணியெல்லாம் வேண்டாஞ்சாமி. காது அத்துப்போகாம ஒண்ணு தெச்சுக் குடு. அஞ்சு கிலோ போட்டாலும் தாங்கோணும்." பை என்றால் என்ன என்பதை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

என் அனுபவத்தில் தேறியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

துணி

எங்கள் பக்கம் பருத்திக்கும் துணிக்கும் தூரம் அதிகமில்லை. மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் பருத்தி ஏலம் போகிறது. வெள்ளகோவிலில் நூல் மில்களும் தறிக்குடோன்களும் இருக்கின்றன. கரூரில் அதே மாதிரித் துணி திரைச்சீலையாகவும் மேஜை விரிப்பாகவும் தைக்கப்பட்டு வெளிநாட்டுக்குப் போகிறது. அதனால் பைத்துணி வாங்க எங்களுக்குப் பெரிய கடைக்குப் போகிற வேலை இல்லை. உங்கள் ஊரில் தறி இல்லாவிட்டாலும் ஜவுளிக்கடையில் "காடா துணி" என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள்.

தறியிலிருந்து இறங்கி, வெளுக்காமல், சாயம் போடாமல் இருக்கிற துணிதான் காடா. இளமஞ்சள் கலந்த வெள்ளையாக, அங்கங்கே பருத்திக்கொட்டைத் துகள் பழுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் புள்ளி குறையல்ல, துவைக்கத் துவைக்கப் பாதி போய்விடும். வெளுப்புச் செலவு இல்லாததால் விலையும் குறைவு.

காடாவிலும் கெட்டி, லேசு என்று பல ரகம் உண்டு. அதை நிர்ணயிப்பது நூலின் நம்பர். 840 கெஜம் நீளமுள்ள சிட்டம் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுதான் அந்த நூலின் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். 40, 60, 80 எல்லாம் வேட்டி, சேலைக்கான நூல். பைக்கு 10-ம் நம்பர் முதல் 20-ம் நம்பர் வரை உள்ள நூலில் நெய்த துணி பொருத்தம். எடைக் கணக்கில் கேட்பதென்றால் சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் வரை. 340 கிராமைத் தாண்டிய கேன்வாஸ் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் பட்டி சேரும் இடத்தில் அதை ஏழெட்டு மடிப்பாக வைத்துத் தைக்க வீட்டு மிஷினால் ஆகாது.

கடையில் தராசு தேவையில்லை. துணியை ஒற்றை மடிப்பாக வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பின்னால் கையை வையுங்கள். கையின் நிழல் தெரியலாம், விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் அது பைக்கு ஆகாத லேசு ரகம். பிறகு இரண்டு கட்டைவிரல்களாலும் துணியை எதிரெதிராக அழுத்தி நகர்த்திப் பாருங்கள். இழை விலகி இடைவெளி விழுந்தால் நெசவு நெருக்கம் போதாது. அந்தத் துணியில் எத்தனை பலமாகத் தைத்தாலும் தையலோரத்தில் இழை உருவிக்கொண்டு வந்துவிடும்.

பருத்திதானா என்று சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்துங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மெல்லிய சாம்பலாக உதிரும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிக் கறுத்த மணியாகச் சுருளும். கடைகளில் துணிப்பை என்ற பெயரில் தருகிற, நெய்யாமல் ஒட்டி அழுத்திய பைகளையும் இப்படியே சோதிக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை பாலிபுரொப்பிலீன், அதாவது பிளாஸ்டிக்.

நனைக்காமல் வெட்டாதீர்கள்

தறியில் ஓடும்போது பாவு இழை, அதாவது நீளவாக்கு இழை, அறாமல் இருப்பதற்காக அதற்குக் கஞ்சி போடுவார்கள். அந்தக் கஞ்சியோடுதான் காடா உங்கள் கைக்கு வரும். அதனால் கையில் எடுக்கும்போது விறைப்பாக, கெட்டியாகத் தெரியும். அது பாதி கஞ்சியின் கெட்டி. வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் அலசிக் காயவைத்தால்தான் துணியின் சொந்த உடம்பு தெரியும். இந்தத் தண்ணீரில் நீளவாக்கில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை சுருங்கும். நனைக்காமல் தைத்த பை முதல் துவையலில் வாய் கோணிக்கொள்ளும். பட்டியும் பையும் ஒரே அளவில் சுருங்காது என்பதுதான் காரணம்.

காய்ந்த பிறகு லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். பை தைப்பதில் பாதி வேலை இஸ்திரிப் பெட்டியில் இருக்கிறது. மடிப்பைக் கையால் நீவித் தைப்பதற்கும் சூட்டில் அழுத்தித் தைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பையின் வாயிலேயே தெரிந்துவிடும்.

மிஷின், ஊசி, நூல்

கால் மிஷினே போதும். மோட்டார் போட்ட மிஷினைவிடக் கால் மிஷின் பைக்கு நல்லது என்றுகூடச் சொல்வேன். கெட்டியான இடத்தில் ஒவ்வொரு குத்தாக ஓட்டும் கட்டுப்பாடு அதில் அதிகம்.

பிளவுஸுக்குப் போடுகிற 14 நம்பர் ஊசியைக் கழற்றிவிட்டு 16 போடுங்கள். பட்டியை இணைக்கும்போது 18. மெல்லிய ஊசி கெட்டித் துணியில் வளைந்து, அடியில் தையல் தாவும். ஊசி மழுங்கியிருந்தால் துணியில் இறங்கும்போது "டப் டப்" என்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

நூல் பாலியஸ்டராக இருக்கட்டும். பருத்திப் பைக்குப் பருத்தி நூல்தானே முறை என்று சிலர் கேட்பார்கள். சந்தைப் பைக்கு ஈரம் படும், வெயில் படும், அழுகல் தக்காளி படும். பருத்தி நூல் அங்கே முதலில் இற்றுப்போகும். முழுக்க மக்கும் பைதான் வேண்டும் என்று உறுதியாக இருப்பவர்கள் கெட்டியான பருத்தி நூலில் இரட்டைத் தையல் போட்டுக்கொள்ளலாம்.

தையல் நீளத்தை இஞ்சுக்கு எட்டு, ஒன்பது தையல் வருகிற மாதிரி வையுங்கள். நெருக்கமாகத் தைத்தால் பலம் கூடும் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. கெட்டித் துணியில் அது நேர்மாறு. தபால்தலைத் தாளில் வரிசையாக ஓட்டை போட்டிருப்பது எதற்கு? அந்தக் கோட்டில் சுலபமாகக் கிழியத்தானே. நெருக்கமான தையலும் துணியை அப்படித்தான் ஆக்கிவிடும். அறுந்த பைகளை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் நூல் அப்படியே இருக்கும், தையலை ஒட்டித் துணிதான் கிழிந்திருக்கும்.

அளவும் வெட்டும்

நான் அதிகம் தைக்கிற அளவு 14 இஞ்ச் அகலம், 14 இஞ்ச் உயரம், 4 இஞ்ச் அடி. நோட்டுப் புத்தகம் நிற்கும், தூக்குப்போசி சாயாது, இரண்டு நாள் காய்கறி கொள்ளும். எங்கள் ஊரில் முருங்கைக்காய் வாங்காத வீடு கிடையாது. அது எந்தப் பையிலும் தலையை நீட்டிக்கொண்டுதான் இருக்கும். அதனால் வாய்க்கு ஜிப் வைக்க வேண்டாம். நடுவில் ஒரு பட்டனோ, கட்டிக்கொள்ள ஒரு நாடாவோ போதும்.

48 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் ஒன்றரை மீட்டர் வாங்கினால் இரண்டு பைகள் வரும். நனைத்துச் சுருங்கியபின் ஏறத்தாழ 46 இஞ்ச் அகலமும் 55 இஞ்ச் நீளமும் மிஞ்சும். அதில் வெட்ட வேண்டியவை:

உடம்புத் துணி: 19 இஞ்ச் அகலம், 36 இஞ்ச் நீளம். பைக்கு ஒன்று.

பட்டி: 4 இஞ்ச் அகலம், 45 இஞ்ச் நீளம். பைக்கு ஒன்று.

உள்பாக்கெட்: 8 இஞ்ச் அகலம், 9 இஞ்ச் நீளம். மிஞ்சிய துண்டில் எடுத்துக்கொள்ளலாம்.

இரண்டு உடம்புத் துணிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 38 இஞ்ச். இரண்டு பட்டிகளுக்கு 8 இஞ்ச். கணக்கு அச்சாகச் சரியாக வரும். துணி அகலத்தில் கூடுதலாகச் சுருங்கியிருந்தால் பட்டியை மூன்றரை இஞ்சாக வெட்டுங்கள், உடம்பைக் குறைக்காதீர்கள்.

36 இஞ்ச் எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் எந்த அளவுக்கும் நீங்களே வெட்டலாம். முன்பக்கம் 14, பின்பக்கம் 14, அடி 4, மேல் வாயை மடிக்க இரண்டு பக்கமும் இரண்டிரண்டு. அகலத்தில் முகம் 14, அடிக்காக 4, இரு பக்கத் தையலுக்கும் அரையரை இஞ்ச். துணி ஒரே துண்டாக முன்னிருந்து அடி வழியாகப் பின்னுக்குப் போவதால் அடியில் தையலே இல்லை. பாரம் நேராக விழுகிற இடத்தில் தையல் இல்லாமல் வெட்டுவதுதான் முதல் பாதுகாப்பு.

இன்னொன்று, பட்டியை எப்போதும் பாவு போகும் திசையில், அதாவது கரைக்கு இணையாக வெட்டுங்கள். துணியைக் கையில் பிடித்துப் பாவு வாக்கிலும் ஊடை (குறுக்கு) வாக்கிலும் இழுத்துப் பாருங்கள், எது அதிகம் இழுபடுகிறது என்று உங்களுக்கே தெரியும். குறுக்காக வெட்டினால் இரண்டு பை லாபம் என்று ஆசைப்பட்டால், நாள் ஆக ஆகப் பட்டி நீண்டு பை முழங்காலில் இடிக்கும்.

தைக்கும் வரிசை

முதலில் பாக்கெட். மேல் ஓரத்தை இரண்டு மடிப்பு மடித்துத் தையுங்கள். மற்ற மூன்று ஓரங்களையும் அரை இஞ்ச் உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, உடம்புத் துணியின் உள்பக்கத்தில் மேல்விளிம்பிலிருந்து நான்கு இஞ்ச் கீழே வைத்து மூன்று பக்கமும் அடியுங்கள். பாக்கெட் வாயின் இரு மூலைகளிலும் சிறு முக்கோணமாக ஒரு தையல் போட்டால் கை விட்டு எடுக்க எடுக்கப் பிரியாது.

அடுத்தது பக்கத் தையல். ஓவர்லாக் மிஷின் வீட்டில் இருக்காது. இருந்தாலும் நான் உள்மடிப்புத் தையல்தான் போடுவேன். துணியின் நல்ல பக்கம் வெளியே தெரிகிற மாதிரி இரண்டாக மடித்து, இரு பக்கமும் கால் இஞ்சுக்கு ஒரு நூல் குறைவாக ஒரு தையல். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இழைகளை நறுக்கிவிட்டுப் பையை உள்வெளியாகத் திருப்பி இஸ்திரி போட்டு, கால் இஞ்சில் இரண்டாவது தையல். பிசிறு முழுக்க உள்ளே அடங்கிவிடும். இரண்டு தையல் சேர்ந்து பாரத்தைப் பிடிக்கும். சில்லறையும் தானியமும் இழையில் மாட்டாது.

அடி மூலை மூன்றாவது. பையை உள்வெளியாக வைத்துக்கொண்டு மூலையைக் கிள்ளிப் பிடியுங்கள். பக்கத் தையல் முக்கோணத்தின் நடுவே நேராக ஓட வேண்டும். நுனியிலிருந்து 2 இஞ்ச் அளந்து குறுக்காகச் சாக்பீஸில் கோடு போட்டால் அந்தக் கோட்டின் நீளம் சரியாக 4 இஞ்ச் இருக்கும். அதன் மேல் இரண்டு தையல். அந்த முக்கோணத்தை வெட்டி எறியாதீர்கள். அடிப்பக்கமாக மடக்கி நுனியில் நாலு குத்து போட்டு நிறுத்திவிட்டால், தரையில் உரசித் தேய்கிற மூலைக்கு ஓர் அடுக்குக் காப்பு கிடைக்கும்.

பிறகு வாய். அரை இஞ்ச் ஒரு மடிப்பு, ஒன்றரை இஞ்ச் இன்னொரு மடிப்பு. இஸ்திரி போட்டு, மடிப்பின் கீழ் ஓரத்தில் ஒரு சுற்று, மேல் ஓரத்தில் ஒரு சுற்று. இந்த அகலமான வாய்ப்பட்டைதான் பட்டியின் இழுப்பைத் தாங்கப்போகிறது. பிளவுஸ் ஓரம் மாதிரிக் கால் இஞ்சில் முடித்துவிடாதீர்கள்.

காது

இனிதான் முக்கியமான வேலை. கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

பட்டித் துணியின் இரு நீள ஓரங்களையும் நடுக்கோட்டுக்கு மடித்து இஸ்திரி போட்டால் 2 இஞ்ச் அகலத்தில் இரட்டை அடுக்காகும். அதை மறுபடி நீளவாக்கில் மடித்தால் 1 இஞ்ச் அகலத்தில் நான்கு அடுக்கு. வழக்கமாக நுனிவரை இப்படியே மடித்துத் தைத்து, அந்த நான்கு அடுக்கைப் பையின் பக்கத் தையல் மேல் வைத்து அடிப்பார்கள். அங்கே ஏற்கெனவே வாய்ப்பட்டை மூன்று அடுக்கு, உள்மடிப்புத் தையலின் முண்டு வேறு. ஊசி ஏறாது. ஏறினாலும் ஐந்து கிலோ பாரமும் ஒரே ஒரு இஞ்ச் அகலத்தில் விழும்.

நான் செய்வது வேறு. இரண்டு நுனிகளிலும் கடைசி மூன்று இஞ்சை இரண்டாவது மடிப்பு மடிக்காமல், 2 இஞ்ச் அகலத்தில் விரிந்தபடியே விட்டுவிடுவேன். நடுப்பகுதியை மட்டும் 1 இஞ்சாக மடித்து இரு ஓரங்களிலும் தையல் ஓட்டுவேன். மடிப்பு விரிகிற இடத்தில் குறுக்காக ஒரு தையல் போட்டு நிறுத்துவேன். இப்போது பட்டியின் நுனி அகலமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். அதன் கடைசி அரை இஞ்சை உள்ளே மடித்து, பையின் உள்பக்கத்தில் பக்கத் தையல் நடுவில் வருமாறு வைத்து, வாய்ப்பட்டையைத் தாண்டி ஓர் இஞ்ச் கீழே இறங்குகிற மாதிரி குண்டூசி குத்திக்கொள்ளுங்கள்.

அதன் மேல் சதுரமாக நான்கு பக்கமும் ஒரு தையல். ஊசியைத் துணியிலேயே இறக்கி நிறுத்தி, ஃபுட்டைத் தூக்கித் துணியைத் திருப்பி, மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு கோடு. நூலை அறுக்காமல் அதே சதுரத்தை இன்னொரு முறை சுற்றுங்கள். பாரம் எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒரு கோடு அதை நீளவாக்கில் பிடித்துக்கொள்ளும். வாய்ப்பட்டையையும் அதற்குக் கீழே உள்ள ஒற்றைத் துணியையும் சேர்த்துப் பிடிப்பதால் விளிம்பு மட்டும் தனியாகக் கிழிந்து வராது.

தையல் முண்டு வருகிற இடத்தில் மிதிக்காதீர்கள். வலது கையால் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு குத்தாக இறக்குங்கள். முன்கூட்டியே அந்த முண்டின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டுச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி நசுக்கிவிட்டால் ஊசி சுலபமாக இறங்கும். காய்ந்த சோப்புத் துண்டைத் தையல் கோட்டில் தேய்ப்பதும் கைகொடுக்கும். ரிவர்ஸ் இல்லாத பழைய மிஷின் என்றால் துணியைத் திருப்பி, போட்ட தையலின் மேலேயே நாலு குத்து திரும்பி வாருங்கள்.

இப்படித் தைத்தால் தோளில் தொங்கும் வளையம் 39 இஞ்ச் வரும். சராசரி உயரமுள்ள பெண்ணுக்குப் பை இடுப்பை ஒட்டி நிற்கும். குறுக்காக மாட்டிக்கொள்ள வேண்டுமென்றால் பட்டியை 54 இஞ்ச் வெட்டுங்கள். அடிக்கடி கனம் சுமப்பவருக்கு 1 இஞ்ச் பட்டி தோளை அறுக்கும். அவர்களுக்கு 6 இஞ்ச் அகலத்தில் வெட்டி ஒன்றரை இஞ்சாக மடியுங்கள், இல்லாவிட்டால் கட்டிலுக்குப் போடுகிற பருத்தி நாடாவை வாங்கித் தையுங்கள். நாடாவும் நனைத்த பிறகுதான்.

நேர்த்தையல் பழகிவிட்டால் அடுத்து ஜோல்னா பைக்குப் போகலாம். அதில் ஒரே நீளப் பட்டி தோளிலிருந்து இறங்கி, பையின் பக்கச் சுவராகி, அடியாகி, மறுபக்கம் ஏறித் தோளுக்கே போய்விடும். பட்டிக்கு முடிவே இல்லாததால் அறுவதற்கு ஓர் இடமும் இல்லை. சுமைக்கு ஏற்ற அமைப்பு என்றால் அதுதான். மூலை திருப்பித் தைக்கிற கைப்பழக்கம் வேண்டும், அவ்வளவே.

பழைய துணியில் தொடங்குங்கள்

முதல் பைக்குப் புதுத் துணி வாங்காதீர்கள். வீட்டில் நடு மட்டும் நைந்துபோன படுக்கை விரிப்பு ஒன்று நிச்சயம் இருக்கும். விரிப்பு படுக்கிற இடத்தில்தான் நையும், ஓரங்களில் துணி உயிரோடு இருக்கும். வெளிச்சத்தில் பிடித்து நைந்த இடத்தை ஒதுக்கிவிட்டு ஓரத்தில் வெட்டுங்கள். பலமுறை துவைத்த துணி, இனிச் சுருங்காது. சென்னிமலைப் பெட்ஷீட்டின் கரை பட்டிக்கு மிகப் பொருத்தம். பழைய ஜீன்ஸின் கால் துணி, பையின் அடிக்கும் பட்டிக்கும் ஆகும். வேட்டி லேசு என்பதால் இரட்டையாகப் போட்டு, இரண்டு துணிகளையும் கட்டம் கட்டமாகத் தைத்துச் சேர்த்த பிறகு வெட்டுங்கள். பனியன் துணி மட்டும் வேண்டாம். அது இழுபடும் துணி, பாரம் ஏறினால் தரையைத் தொடும்.

இதைச் சிக்கனத்துக்காக மட்டும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பர் 23 அன்று மீண்டும் மஞ்சப்பை இயக்கம் தொடங்கியது. பட்டிக்காட்டு அடையாளம் என்று ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட மஞ்சப்பை மறுபடி மரியாதையோடு கைக்கு வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனால் துணிப்பை கையில் இருந்தாலே பூமிக்கு நல்லது செய்துவிட்டோம் என்று நினைக்க முடியாது. பருத்தி விளையத் தண்ணீர் வேண்டும், உரம் வேண்டும். நூற்கவும் நெய்யவும் மின்சாரம் வேண்டும்.

இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் ஒரு கணக்குப் போட்டது. புவி வெப்பமாவதை மட்டும் பார்த்தால், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்றது. டென்மார்க்கின் முகமை 2018-ல் எல்லாச் சூழல் பாதிப்புகளையும் கணக்கில் எடுத்து, தங்கள் நாட்டுக் கடைப் பிளாஸ்டிக் பையோடு ஒப்பிட்டு 7,100 முறை என்றது. வாரம் இரண்டு முறை எடுத்துப்போனால் முதல் கணக்கு ஒன்றேகால் வருஷத்தில் தீரும், இரண்டாவது தீர 68 வருஷம் ஆகும். சாக்கடையில் அடைப்பதையும் மாட்டின் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் போவதையும் இந்த எண்கள் சொல்லாது. கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நாலு ஊர் தள்ளி வாழ்கிற எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனாலும் கணக்கு சொல்கிற பாடம் தெளிவானது. ஆறு மாதத்தில் காது அறுந்து குப்பைக்குப் போகிற துணிப்பையால் யாருக்கும் நன்மை கிடையாது. பலமாகத் தைத்த பை, அதிலும் ஏற்கெனவே உழைத்த துணியில் தைத்த பை, அதுதான் பலன் தரும்.

விற்கத் தைப்பவர்களுக்கு

ஒரே பையை முதலிலிருந்து கடைசிவரை தைத்து முடித்து அடுத்ததை எடுக்காதீர்கள். பனியன் கம்பெனியில் செய்வது மாதிரி எல்லாப் பட்டிகளையும் முதலில் மடித்து இஸ்திரி போடுங்கள், பிறகு எல்லாப் பாக்கெட்டுகளையும், பிறகு எல்லாப் பக்கத் தையல்களையும் முடியுங்கள். ஊசியும் தையல் நீளமும் மாற்றுகிற நேரம் மிச்சமாகும், கையும் ஒரே அளவுக்குப் பழகும்.

விலை போடும்போது துணி, நூல், பட்டன், மின்சாரம் எல்லாம் எழுதிவிட்டுத் தன் கூலியை மட்டும் விட்டுவிடுகிற பழக்கம் எங்கள் பெண்களிடம் உண்டு. "வீட்ல சும்மா இருக்கற நேரத்துல தெச்சதுதானுங்க" என்பார்கள். வெளியே ஒரு டெய்லர் அந்த நேரத்துக்கு என்ன கூலி வாங்குவாரோ அதை எழுதுங்கள். கூலி இல்லாத கணக்கில் தொழில் நிற்காது.

வாங்குபவருக்கு ஒரு வார்த்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பட்டி அடியில் ஒரு தையல் பிரிந்தால் அன்றைக்கே கொண்டுவாருங்கள். இரண்டு நிமிஷ வேலை. விட்டுவிட்டால் துணி கிழியும், பிறகு ஒட்டுப் போட வேண்டும்.

தைத்து முடித்ததும் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு ஆணியில் ஓர் இரவு தொங்கவிடுங்கள். காலையில் உள்பக்கம் திருப்பி, பட்டி அடியில் ஊசி ஓட்டை நீண்டிருக்கிறதா, மூலையில் நூல் இளகியிருக்கிறதா என்று பாருங்கள். இளகிய இடத்தில் இன்னொரு சுற்றுத் தையல் போடுங்கள். இந்தச் சோதனையில் தேறாத பையை யாருக்கும் கொடுக்காதீர்கள். தேறிய பையைக் கதவு பக்கத்திலேயே மாட்டிவையுங்கள், வெளியே கிளம்பும்போதெல்லாம் எடுத்துப்போங்கள். பீரோவில் மடித்துவைக்க வேண்டாம், உழைக்கத்தான் பை.